கோடிட்ட இடத்துக்கு ஒரு பல்

பல் கட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான். இதை அவரே சொல்லிக்கொள்வார் என்பது உண்மை. ஆனால் மறுத்துச் சொன்னவர் யாரும் இல்லை. மறுக்க வாய் திறந்த ஒன்றிரண்டு பேருடைய வாயிலும் அவர் கட்டிய பல்தான் இருந்தது.

ஊரில் அவரைப் பல்செட்டுக்காரர் என்பார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பல் மருத்துவமனையின் பின்பக்கத்து லேபில் தரை கழுவும் வேலைக்கு நுழைந்தார். யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கையில் துடைப்பம், கண் மட்டும் மேசைமேல். அப்படியே பார்த்துப் பார்த்து மெழுகு செதுக்கக் கற்றார், வார்க்கக் கற்றார், மெருகேற்றக் கற்றார். இப்போது வயது ஐம்பத்தெட்டு. ஜன்னலோரத்து மேசை அவருடையது. வெளிச்சம் நேராக விழும் மேசை. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராகப் பிடித்தது.

அவருடைய கண் இருக்கிறதே, அது அளவுகோலுக்கே அளவு சொல்லும். டாக்டரம்மா நிற அட்டையை வைத்து ஒத்துப் பார்த்து எண் எழுதி அனுப்புவார். இவர் பல் கட்ட வந்த ஆளை ஒருமுறை சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “எண் ஒரு படி தப்புங்கம்மா, இவர் டீ நிறைய குடிக்கிறவர்” என்பார். டாக்டரம்மா மறுபேச்சுப் பேசாமல் எண்ணைத் திருத்துவார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்து வழியை மறித்தது.

இனிமேல் லேபிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பல் தொகுதியோடும் ஒரு சீட்டு போக வேண்டும். அதில் ‘செய்தவர்’ என்று போட்டு ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே கையெழுத்துப் போடலாம். படிப்பு இல்லாமல் வேலை கற்றவர்களுக்குச் சான்றிதழ் தர ஒரு தேர்வு. தேர்வில் இரண்டு பகுதி. செய்முறைப் பகுதியில் அவர்தான் முதல். பரீட்சை வைக்க வந்தவர்கள் அவர் செதுக்கிய கடைவாய்ப் பல்லைக் கையில் வாங்கி, திருப்பித் தர மனமில்லாமல் வைத்திருந்தார்கள். இரண்டாவது பகுதிக்குப் பெயர் மொழித்திறன். நாற்பது கேள்வி. நாற்பதும் கோடிட்ட இடத்தை நிரப்புகிற கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு சொல் கொடுத்திருப்பார்கள். ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். இருபது சரியாக இருந்தால் போதும்.

அவர் வாங்கியது பதின்மூன்று.

“பல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கப்பட்டவர்கள் தலையாட்டினார்களே தவிர, பதில் தெரிந்தவர் யாரும் இல்லை. சீட்டில் எழுதுவதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமே, அதனால் இருக்கும் என்றார் டாக்டரம்மா. மூன்று மாதத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவே கடைசி.

அதிலும் தவறினால் வேலை போகாது. வேலை போனால்கூட அவர் தாங்கிக்கொள்வார். நடக்கப் போவது அதைவிட மோசம். அவர் செய்யும் பல்லுக்கு அவருடைய சகலை கையெழுத்துப் போடுவார்.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். அதே லேபில் எதிர் மேசை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், முதல் தடவையிலேயே தேறிவிட்டவர். வேலையில் சுமார் ரகம். அவர் கட்டிய பல் வாய்க்குள் கொஞ்சம் ஆடும். அவருடைய நாக்கு ஆடாத நேரம் இல்லை.

“சகலை, மனசை விட்டுடாதீங்க. நான் இருக்கேன் இல்ல?” என்றார் அவர், சீட்டுப் புத்தகத்தைத் தட்டிக்கொண்டே. “நீங்க பாட்டுக்குச் செய்யுங்க. நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போடறேன். என் கையெழுத்து பாக்கவும் லட்சணமா இருக்கும்.”

“உன் கையெழுத்தாவது ஆடாம நிக்குதா?”

“நிக்கும் சகலை. பரீட்சையிலயே நின்னுதே.”

பல்செட்டுக்காரர் திரும்பித் தன் மேசைக்குப் போனார். முப்பத்தெட்டு வருடத்தில் தன் மேசையிலிருந்து போன ஒரு பல்லையும் அடுத்தவன் பல் என்று யாரும் சொன்னதில்லை. இனி ஒவ்வொரு சீட்டும் அப்படித்தான் சொல்லும்.

அவருடைய மனைவிக்கு நூலகத்தில் வேலை. கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைத்து அட்டை போடுவது. பகலில் சாப்பாட்டுத் தூக்கோடு லேபுக்கு வருவார். இருவரும் ஜன்னலோர மேசையில் ஒரு பக்கம் வாய் அச்செடுத்த பிளாஸ்டர் வார்ப்புகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள். பேச்சு முழுவதும் அவருடையது. அந்த அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கிறாரா என்று அவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

அன்று அவர் தோற்ற கேள்வித்தாளை விரித்து வைத்துப் பொருமிக்கொண்டிருந்தார்.

“இதப் பாரு. ‘எல்லோரும் ஓடியாடி வேலை செய்ய, அவன் மட்டும்... ஒரு கோடு... இருந்தான்.’ கீழ என்ன குடுத்திருக்கான்? பரபரப்பாக, வாளா, சுறுசுறுப்பாக, மும்முரமாக. வேலை செய்யற எடத்துல எவனாவது வாளோட இருப்பானா? சண்டைக்கா போறான்? அதான் மும்முரமாகன்னு போட்டேன். எவ்வளவு கம்பீரமான சொல்லு.”

மனைவி சாப்பாட்டு மூடியைத் திறந்தபடி தாளை எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது.

“வாளான்னா கத்தி இல்லைங்க. சும்மான்னு அர்த்தம். வாளா இருந்தான்னா சும்மா இருந்தான்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரிய வேண்டியதில்ல. மத்த மூணையும் பாருங்க. மூணுக்கும் ஒரே அர்த்தம். எது சரி?”

அவர் பார்த்தார். பரபரப்பாக, சுறுசுறுப்பாக, மும்முரமாக. ஒரே அச்சில் வார்த்த மூன்று பல். ஓர் இடத்துக்கு மூன்றும் எப்படிப் பொருந்தும்? ஒன்று சரி என்றால் மற்ற இரண்டும் சரியாக வேண்டும். அப்படியானால் மூன்றுமே தப்பு.

“மிச்சம் இருக்கிறது வாளா” என்றார் மெதுவாக.

“ஆமா. தெரியாத சொல்லுன்னு தள்ளிட்டீங்க. தெரிஞ்சது மூணும் தப்புன்னா, தெரியாததுதான் விடை.”

அடுத்த கேள்வியைக் காட்டினார். ‘அவன் பெரும் செல்வந்தன், ஆனால் பிறருக்குக் கொடுப்பதில் ______.’ அவர் வட்டமிட்டிருந்தது வள்ளல். வாசித்ததும் செல்வந்தன் கண்ணில் பட்டான், கொடுப்பது கண்ணில் பட்டது, கீழே பளபளவென்று வள்ளல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த கருமியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மனைவி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மேசைமேல் இருந்த ஒரு வார்ப்பை எடுத்து, பல் விழுந்த இடத்தில் விரல் வைத்தார்.

“இந்த எடத்துக்குப் பல்லு வைக்கணும்னா முதல்ல என்ன செய்வீங்க?”

“இது ஒரு கேள்வியா? பக்கத்துப் பல்லு ரெண்டையும் பாப்பேன். எதிர்ப் பல்லு எங்க வந்து இடிக்குதுன்னு பாப்பேன். நிறம் பாப்பேன். அப்புறம் மனசுக்குள்ளயே ஒரு பல்லச் செதுக்கிப் பாத்துடுவேன்.”

“பல்லு டப்பாவ எப்பத் திறப்பீங்க?”

“கடைசியில. டப்பாவ முதல்ல திறக்கறவன் தொழில்காரனே இல்ல. எது வெள்ளையா பளிச்னு இருக்கோ அத எடுத்துச் சொருகிடுவான். வாய்க்குள்ள போனதும் அது ஊருக்கே தனியாத் தெரியும்.”

“அப்ப இங்க மட்டும் ஏன் டப்பாவ முதல்ல திறக்கறீங்க?”

அவர் கையில் எடுத்த கவளம் பாதி வழியில் நின்றது. நான்கு விடைகள் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் நிறம் ஒத்துப் பார்க்கும் அட்டையைக் கொண்டுவந்து விடைகளின் மேல் வைத்து மறைத்தார். இப்போது வாக்கியம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் பெரும் செல்வந்தன். நடுவில் ஆனால். ஆனால் என்றால் எதிர்த்தாடை. மேலே குழி என்றால் கீழே மேடு. செல்வந்தன், ஆனால் கொடுப்பதில்...

“கஞ்சன்” என்றார்.

அட்டையை விலக்கினார். கஞ்சன் இல்லை; ஆனால் கருமி இருந்தான். அதே அளவு, அதே நிறம், வேறு கம்பெனிப் பல்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் மனைவியிடம் அவர் கேட்ட நேர்மையான கேள்விகளில் அது ஒன்று.

“பூச்சி அரிச்ச புத்தகம்தானே எங்கிட்ட வருது. பாதிப் பக்கத்துல ஓட்டை. பூச்சி என்ன நாலு விடையா குடுத்துட்டுப் போகுது? முன்னயும் பின்னயும் படிச்சு நானா ஒண்ணு நெனச்சுக்குவேன். அப்புறம் அதே புத்தகம் வேற பிரதி வந்தா ஒத்துப் பாப்பேன். முக்காவாசி சரியாத்தான் இருக்கும்.” சொல்லிவிட்டு, “ஆறிடப் போகுது, சாப்பிடுங்க” என்றார்.

அதற்குப் பிறகு சும்மா சொல்லக் கூடாது, மனிதர் உழைத்தார். தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பின் பத்து கேள்வி. எனவே, ஆகையால், அதனால் என்று வந்தால் பக்கத்துப் பல்லோடு ஒத்துப் போ. ஆனால், எனினும், இருந்தும் என்று வந்தால் எதிர்த்தாடையைப் பார். மட்டுமல்லாமல் என்று வந்தால் அதே வரிசையில் இன்னொரு பல். புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது நிறம். இந்த விதிகளை மெழுகுக் கத்தியால் பழைய பிளாஸ்டர் பலகையில் கீறி, மேசைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். தாளில் எழுதினால் மறந்துவிடுமாம், கீறினால் நிற்குமாம்.

ஒருநாள் மனைவி ஒரு புது நுணுக்கம் சொன்னார். ‘அவர் ஓர் ______ மனிதர், ஆடம்பரம் அவருக்குப் பிடிக்காது.’ விடைகள்: நல்ல, எளிய, பெரிய, சிறந்த.

“ஓர்னு போட்டிருக்கு பாருங்க. ஒருன்னு போடல. ஓர் வந்தா அடுத்த சொல்லு உயிரெழுத்துல தொடங்கணும். இந்த நாலுல உயிரெழுத்து எதுக்கு?”

“எளிய.” அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. விழுந்த பல் போய்விட்டாலும், அது உரசி உரசிப் பக்கத்துப் பல்லில் ஒரு தேய்மானம் இருக்கும். அதைத் தடவிப் பார்த்தே போன பல்லின் உருவத்தைச் சொல்பவர் அவர். “இவன் பல்லப் பிடுங்கினான், தடயத்த விட்டுட்டான்” என்றார்.

அந்த நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் பறந்தார். ஓர் எங்கே ஓர் எங்கே என்று தேடித் தேடி நிரப்பினார். சகலையைக் கூப்பிட்டு, “கேட்டுக்கோ, இது நானே கண்டுபிடிச்சது. பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல உக்காந்தியே, இதச் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் குழாயடியில் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை.

“அப்ப இதுக்குச் சொல்லுங்க” என்று சகலை பயிற்சிப் புத்தகத்தைத் திருப்பினார். ‘ஓர் ______ காற்று வீசியது, மரங்கள் வேரோடு சாய்ந்தன.’ விடைகள்: இனிய, பலத்த, மெல்லிய, நறுமண.

“இனிய” என்றார் பல்செட்டுக்காரர், கண்ணிமைக்கும் முன்.

“இனிய காத்துல மரம் விழுந்துதா சகலை? ரொம்ப இனிமையான ஊரா இருக்கும் போலிருக்கே.”

லேபே சிரித்தது. மெருகேற்றும் இயந்திரத்தில் இருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் விடை பலத்த. புத்தகம் அச்சிட்டவருக்கே ஒருவுக்கும் ஓருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவி மட்டும் சொன்னார்: “ஒத்தப் பல்லு மேல பாலம் கட்டுவீங்களா?”

“மாட்டேன். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வேணும்.”

“எளியங்கறதுக்கு ஓரும் இருந்தது, ஆடம்பரமும் இருந்தது. ரெண்டு பல்லு. இங்க ஓர் மட்டுந்தான் உங்க பக்கம். வேரோட சாஞ்ச மரம் வேற பக்கம் நிக்குது. மரத்த நம்புங்க. அச்சுக்காரர நம்பாதீங்க.”

அவர் பிளாஸ்டர் பலகையை எடுத்து, கடைசியில் கீறினார்: ஒற்றைப் பல்லில் பாலம் இல்லை.

தேர்வு நாள் வந்தது. ஒரு பெரிய கூடம், வரிசையாக மேசை, சுவரில் கடிகாரம். சுற்றிலும் அவரைப் போலவே கையால் பிழைத்தவர்கள். பேனாவை உளி மாதிரி பிடித்திருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து நிற அட்டையை எடுத்தார். கண்காணிப்பாளர் அம்மா வந்து, “இது என்ன?” என்றார்.

“பல்லு நிறம் பாக்கற அட்டைங்க. விடைய மறைக்க.”

“விடையப் பாக்கறதுக்குத்தான் ஆளுங்க அட்டை கொண்டுவருவாங்க” என்று சொல்லி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வெளியே வைத்துவிட்டார். அதனால் இவர் இடது உள்ளங்கையை விரித்து விடைகளை மூடினார். அகலமான கை, நான்கு விடையும் மறைந்தன.

முதல் கேள்வியிலிருந்து முப்பத்தாறு வரை வண்டி ஓடியது. தெரியாதவற்றை விட்டுவிட்டு முன்னே போய், திரும்பி வந்து பார்த்தார். ஒரே அர்த்தமுள்ள இரட்டைப் பிறவிகளைக் கழித்தார். ‘ஓர்’ ஒரே ஓர் இடத்தில் வந்தது. பக்கத்தில் இன்னொரு பல்லும் இருந்ததால் பாலம் கட்டினார். முப்பத்தேழாவது கேள்வியில் வண்டி நின்றது.

‘எவ்வளவு திறமை இருந்தும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத அவரை, ______ மிக்கவர் என்று ஊரார் போற்றினர்.’

விடைகளைக் கையால் மூடிக்கொண்டு தன் சொல்லைத் தேடினார். திறமை இருக்கிறது. பேசவில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு என்ன பெயர்? மனதுக்குள் வந்த ஒரே சொல் அசடு. செய்ததைச் சொல்லாவிட்டால் ஊருக்கு எப்படித் தெரியும்? கையை விலக்கினார். தற்பெருமை, தாழ்வு மனப்பான்மை, தன்னடக்கம், அறியாமை. அசடுக்குப் பக்கத்தில் இரண்டு நின்றன: அறியாமை, தாழ்வு மனப்பான்மை. அறியாமையின் வட்டத்தில் பேனா முனை தொட்டுவிட்டது.

தொட்ட முனையை அப்படியே நிறுத்தினார். நிறம் பார்க்கவில்லையே. கடைசிச் சொல்லைப் பார்த்தார்: போற்றினர். வெள்ளைப் பல். அறியாமையை யார் போற்றுவார்கள்? தாழ்வு மனப்பான்மையை யார் போற்றுவார்கள்? இரண்டும் பழுப்பு. தற்பெருமை, ஒரு சொல்லும் பேசாதவருக்கு எப்படி வரும்? எதிர்த்தாடை இடிக்கிறது. மிச்சம் ஒன்று. அவர் வாயில் ஒருநாளும் வந்திராத சொல்.

வட்டத்தைக் கருப்பாக்கும்போது, காரணமில்லாமல் பூச்சி அரித்த ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. அதன்மேல் குனிந்திருக்கும் ஒரு தலை. திறமை இருந்தும் ஒரு சொல்லும் பேசாதவர். இந்தக் கேள்வியை எழுதியவருக்குத் தன் வீட்டுக்காரியை எப்படித் தெரியும் என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது. ‘இது நானே கண்டுபிடிச்சது’ என்று லேபில் சத்தமாகச் சொன்னது காதில் விழுந்தது. அதற்கு மேல் தூக்குக் கழுவும் சத்தம். கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று கேள்வி. மூக்கை உறிஞ்சிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

முடிவு மூன்று வாரம் கழித்து லேபுக்கே வந்தது, பகல் சாப்பாட்டு நேரத்தில். நாற்பதுக்கு முப்பத்தொன்று. டாக்டரம்மாவே வந்து சான்றிதழை மேசைமேல் வைத்தார். சகலை எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். குலுக்கலில் பொய் இல்லை.

“நான் வாங்கினதே இருபத்தாறுதான் சகலை. எப்படிப் பண்ணீங்க?”

எல்லோரும் காத்திருந்தார்கள். மெருகேற்றும் இயந்திரத்துக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். இந்த மனிதர் பேச ஆரம்பித்தால் எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். பல்செட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நான்...” என்று தொடங்கினார்.

அந்த இடத்தில் நின்றுவிட்டார். லேபில் யாரும் அவர் பேச்சு அப்படிப் பாதியில் நின்று பார்த்ததில்லை. சகலைக்குப் பயமாகிவிட்டது.

“எல்லாம் இவ சொல்லிக் குடுத்தது” என்றார். “டப்பாவக் கடைசியில திறக்கச் சொன்னது இவ. வாளா, ஓர், ஒத்தப் பல்லு, எல்லாம் இவதான். நான் கண்டுபிடிச்சேன்னு உங்கிட்ட சொன்னேனே, அது பொய்யி.”

மனைவி தூக்கின் மூடியைத் திறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்துவிட்டது.

“அக்கா, நீங்களா?” என்றார் சகலை. “இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலியே.”

“அதுக்குப் பேரு தன்னடக்கம்” என்றார் பல்செட்டுக்காரர். “முப்பத்தேழாவது கேள்வி. இப்படி ஒருத்தி இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாது. இவளத் தேர்ந்தெடுத்தது யாரு? நான். அதையும் சொல்லணுமில்ல? அன்னிக்கே என் கண்ணுக்குத் தெரிஞ்சுது.”

“முதமுதல்ல என்னப் பாத்தப்ப நீங்க மூஞ்சியவே பாக்கல. பல்லத்தான் பாத்தீங்க” என்றார் மனைவி.

“பல்லப் பாத்தே ஆளச் சொல்றவன் நான். இன்னிக்கு நேத்திக்கு இல்ல, முப்பத்தெட்டு வருஷமா...”

“வாளா இருங்க கொஞ்ச நேரம்.”

லேப் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அன்று காலை முடித்து வைத்திருந்த மேல்வரிசைப் பல் தொகுதியை எடுத்து அதன் பெட்டியில் வைத்தார். சகலை தன் சீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ‘செய்தவர்’ என்றிருந்த கோட்டைப் பல்செட்டுக்காரர் விரலால் தடவிப் பார்த்தார்.

“இதுக்கு நாலு விடை குடுக்கலியா?” என்றார்.

பிறகு மெழுகுக் கத்தியைப் பிடிக்கிற மாதிரியே பேனாவைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கோட்டுக்கு வெளியே ஓர் எழுத்துகூடப் போகவில்லை. மனைவி சாப்பாட்டைத் திறந்தார்.